‘ஹேவ்’ வந்த இடத்தில் ‘யெஸ்டர்டே’ வராது

நேர்முகத் தேர்வில் “டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்” என்று கேட்டதும் பெயருக்கு அடுத்தபடி நம் பிள்ளைகள் பலர் சொல்லும் வாக்கியம் இது: “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.இ. இன் 2019.” ஆங்கில இலக்கணம் ஓரளவு படித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். ‘ஹேவ் கம்ப்ளீட்டட்’ சரி, ‘இன் 2019’ சரி, இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்ததுதான் பிழை. “ஐ கம்ப்ளீட்டட் மை பி.இ. இன் 2019” என்று சொல்லலாம். அல்லது ஆண்டை விட்டுவிட்டு “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.இ.” என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ஏன் சேரக் கூடாது என்பது விளங்கிவிட்டால் பிரசன்ட் பெர்ஃபெக்ட், அதாவது ‘ஹேவ் கம்ப்ளீட்டட்’ போன்ற வினை வடிவம், முக்கால்வாசி வசப்பட்டுவிடும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் படித்துக் கடக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இது காதும் நாக்கும் பழக வேண்டிய விஷயம்.

பள்ளியில் நம்மில் பலருக்கும் சொல்லித்தந்த விளக்கம், “சற்று முன் முடிந்த செயலைக் குறிப்பது பிரசன்ட் பெர்ஃபெக்ட்” என்பது. குழப்பத்தின் வேர் இந்த விளக்கத்தில்தான் இருக்கிறது. நிலவில் மனிதன் கடைசியாக நடந்தது 1972 டிசம்பரில். இன்றைக்கும் “ட்வெல்வ் பீப்பிள் ஹேவ் வாக்ட் ஆன் த மூன்” என்பது நல்ல ஆங்கிலம். மறுபக்கம், ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு முன்தான் கிளம்பினார் என்றாலும் “ஹி லெஃப்ட் ஃபைவ் மினிட்ஸ் அகோ” என்றுதான் சொல்ல வேண்டும். “ஹி ஹேஸ் லெஃப்ட் ஃபைவ் மினிட்ஸ் அகோ” தவறு. அரை நூற்றாண்டுக்கு முன் நடந்ததற்கு ‘ஹேவ்’ வருகிறது, ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்ததற்கு வரவில்லை என்றால், எவ்வளவு நேரத்துக்கு முன் நடந்தது என்பது இங்கே கணக்கே இல்லை.

கணக்கு வேறு. பெயரிலேயே இருக்கிறது: பிரசன்ட். இது நிகழ்காலத்தைச் சேர்ந்தது. பேசுகிறவர் இன்றைய நிலையைப் பற்றிப் பேசுகிறார். அந்த நிலை உண்டாகக் காரணமான பழைய செயல் உள்ளே அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். “ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ” என்றால் சாவி இப்போது கையில் இல்லை. “ஐ லாஸ்ட் மை கீ” என்றால் தொலைத்த கதை மட்டும் தெரிகிறது. அதற்குப் பிறகு கிடைத்ததா இல்லையா என்று வாக்கியம் சொல்லவில்லை. முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்ட உடனே வாக்கியம் அந்த நேரத்துக்குப் போய் நின்றுவிடுகிறது. ‘ஹேவ்’ இன்றில் நிற்கச் சொல்கிறது, ‘யெஸ்டர்டே’ நேற்றில் நிற்கச் சொல்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வினை இரண்டிலும் நிற்காது.

ஆகவே ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’, ‘அகோ’, ‘வென் ஐ வாஸ் எ சைல்ட்’ இவை எதுவும் ‘ஹேவ்’ உடன் ஒட்டாது. ‘வென்’ என்று நேரத்தைக் கேட்கும் கேள்வியும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தவரிடம் “வென் ஹேவ் யூ கம்?” என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் தவறு. “வென் டிட் யூ கம்?” என்பதே சரி. முன்பு என்பதற்கு ‘பிஃபோர் டூ இயர்ஸ்’ என்று சொல்லும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். ‘டூ இயர்ஸ் அகோ’ என்பதுதான் வழக்கு. ஆனால் கணக்குச் சொல்லாமல் வெறுமனே ‘பிஃபோர்’ வரும்போது ‘ஹேவ்’ பொருந்தும்: “ஐ ஹேவ் சீன் திஸ் ஃபிலிம் பிஃபோர்.”

‘டுடே’, ‘திஸ் வீக்’, ‘திஸ் மார்னிங்’ போன்றவை இரண்டு பக்கமும் போகும். அந்த நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். காலை பதினோரு மணிக்கு “ஐ ஹேவ் ஹேட் டூ கப்ஸ் ஆஃப் காஃபி திஸ் மார்னிங்” என்று சொல்லலாம். மாலை நான்கு மணிக்கு அதே செய்தி “ஐ ஹேட் டூ கப்ஸ் ஆஃப் காஃபி திஸ் மார்னிங்” ஆகிவிடும், ஏனென்றால் காலைப்பொழுது முடிந்துபோனது. (‘ஹேவ் ஹேட்’ என்று இரண்டு முறை வருவதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். முதலாவது துணைவினை, இரண்டாவதுதான் குடித்தேன், சாப்பிட்டேன் என்ற பொருளைத் தருவது.)

அமைப்பு எளிது: ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’, அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம் (‘கோ, வென்ட், கான்’ என்பதில் ‘கான்’). ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’, ஒற்றை ஆள், ஒற்றைப் பொருள் என்றால் ‘ஹேஸ்’. மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஹேவ்’. தடுக்கி விழுவது மூன்றாம் வடிவத்தில். “ஐ ஹேவ் வென்ட்”, “ஷி ஹேஸ் கேம்”, “ஐ ஹேவ் சா” எல்லாம் இரண்டாம் வடிவத்தை மூன்றாவதின் இடத்தில் வைப்பதால் வருபவை. ‘கான்’, ‘கம்’, ‘சீன்’ என்று வர வேண்டும். நூற்றுக்கணக்கான வினைகளை அகரவரிசையில் மனப்பாடம் செய்வதைவிட ஒலியை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிடிப்பது பலன் தரும். ‘சிங், சாங், சங்’ ஒரு கூட்டம். ‘ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க்’, ‘பிகின், பிகேன், பிகன்’ அதில் சேரும். ‘ரைட், ரோட், ரிட்டன்’ இன்னொன்று; ‘ஈட்டன்’, ‘டேக்கன்’, ‘கிவன்’, ‘ஸ்போக்கன்’, ‘ஃபர்காட்டன்’ எல்லாம் ‘ன்’ என்று முடிகிறவை. ‘கம், கேம், கம்’, ‘ரன், ரேன், ரன்’ போன்றவற்றில் முதலும் மூன்றும் ஒன்று. ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’, ‘ஷட்’ மாறவே மாறாது. ‘பாட்’, ‘ப்ராட்’, ‘தாட்’, ‘டாட்’ இவற்றில் இரண்டும் மூன்றும் ஒன்றே என்பதால் பயமில்லை. தவறு நடப்பது இரண்டும் மூன்றும் வேறுபடும் கூட்டங்களில்தான். உழைப்பை அங்கே போடுங்கள்.

அமைப்பைவிடப் பெரிய சிக்கல் நம் மொழியிலிருந்து வருகிறது. “வந்திருக்கிறேன்”, “பார்த்திருக்கிறேன்” என்ற வடிவம் தமிழில் இருப்பதால் அதுவும் ‘ஹேவ் கம்’, ‘ஹேவ் சீன்’ என்பதும் ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறோம். பாதி தூரம் அது உதவும். “இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன்” என்பது “ஐ ஹேவ் சீன் திஸ் ஃபிலிம்” என்பதேதான். ஆனால் தமிழில் “நான் 2015இல் டெல்லி போயிருக்கிறேன்” என்று ஆண்டையும் சேர்த்துச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. ஆங்கிலத்தில் அது “ஐ வென்ட் டு டெல்லி இன் 2015.”

தமிழின் ‘இருக்கிறது’ இன்னொரு வேலையும் செய்கிறது. காலையில் கதவைத் திறந்தால் வாசல் ஈரமாக இருக்கிறது. “நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு” என்கிறோம். கண்ணால் பார்க்கவில்லை, தடயத்தை வைத்து ஊகிக்கிறோம். இதை “இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்” என்று மாற்றினால் இரண்டு குறை. ‘லாஸ்ட் நைட்’ ஒட்டாது, ஊகமும் தொலைந்துபோகும். ஆங்கிலம் ஊகத்துக்கு வேறு வழி வைத்திருக்கிறது: “இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்.” இங்கே ‘ஹேவ்’ இருந்தும் ‘லாஸ்ட் நைட்’ எப்படி வந்தது என்று கேட்கலாம். ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘குட்’, ‘மே’ இவற்றின் பின்னால் வரும் ‘ஹேவ்’ பிரசன்ட் பெர்ஃபெக்ட் இல்லை. அது செயலைக் கடந்த காலத்துக்குத் தள்ளும் கருவி மட்டும். “யூ ஷுட் ஹேவ் கம் யெஸ்டர்டே” என்பதும் அதனால்தான் சரி.

மறைந்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே வேறுபாடு தலைகாட்டும். பாரதியார் 1908இலிருந்து 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். “பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்திருக்கிறார்” என்பது தமிழில் இயல்பான வாக்கியம். “பாரதியார் ஹேஸ் லிவ்ட் இன் புதுச்சேரி” என்றால் அவர் இன்றும் உயிரோடு இருப்பது போன்ற தொனி வந்துவிடும். ‘லிவ்ட்’ மட்டும் போதும். அவருடைய பாடல்கள் இன்றும் இருக்கின்றன. அதனால் “ஹிஸ் சாங்ஸ் ஹேவ் பீன் ட்ரான்ஸ்லேட்டட் இன்டு மெனி லாங்க்வேஜஸ்” என்பதில் ஒரு தவறும் இல்லை. எழுவாய் இன்று இருக்கிறதா என்று பார்த்தால் பல வாக்கியங்கள் தாமாகவே தெளிந்துவிடும்.

‘விட்டேன்’, ‘ஆச்சு’ என்று முடிபவை பெரும்பாலும் ‘ஹேவ்’ பக்கம் சாயும். “அனுப்பிவிட்டேன்” என்றால் “ஐ ஹேவ் சென்ட் இட்.” “சாப்பிட்டாச்சா?” என்றால் “ஹேவ் யூ ஈட்டன்?” ஆனால் “நேத்தே அனுப்பிட்டேன்” என்றால் பழைய விதி திரும்ப வருகிறது: “ஐ சென்ட் இட் யெஸ்டர்டே.” அலுவலக மின்னஞ்சல்களில் “ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே” என்பதை வாரம் ஒரு முறையாவது எங்காவது பார்க்கலாம்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத இடம் எதிர்மறை. நமக்கு “வரவில்லை” என்பது ஒரே சொல். ஆங்கிலத்துக்கு அது இரண்டு: ‘டிட் நாட் கம்’, ‘ஹேஸ் நாட் கம்’. “நேற்று பஸ் வரவில்லை” என்றால் ‘டிட் நாட் கம்’. நிறுத்தத்தில் நின்றுகொண்டு “பஸ் வரவில்லை” என்றால் ‘ஹேஸ் நாட் கம்’. பிரித்தறிய ஒரு வழி உண்டு. தமிழ் வாக்கியத்தில் ‘இன்னும்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருள் கெடாமல் உட்கார்ந்தால் ‘ஹேஸ் நாட்’ அல்லது ‘ஹேவ் நாட்’. உட்காராவிட்டால் ‘டிட் நாட்’. வேலையிடத்தில் இதன் எடை கூடுதல். “த க்ளையன்ட் ஹேஸ் நாட் ரிப்ளைட்” என்றால் பதிலை இன்னும் எதிர்பார்க்கிறீர்கள். “த க்ளையன்ட் டிட் நாட் ரிப்ளை” என்றால் அந்த விஷயம் முடிந்துபோனது போல மேலாளர் காதில் விழும். அவர் அதை வைத்து வேறு முடிவு எடுத்துவிடவும் கூடும்.

‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’ இரண்டும் ‘ஹேவ்’ என்பதற்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவே வரும்: “ஐ ஹேவ் ஜஸ்ட் ரீச்ட் ஹோம்.” ‘யெட்’ பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும்: “ஹேஸ் ஷி கால்ட் யெட்?” அமெரிக்கர்கள் பேச்சில் இவற்றோடு சாதாரண இறந்தகாலத்தையே பயன்படுத்துவார்கள்: “ஐ ஜஸ்ட் ஏட்”, “டிட் யூ ஈட் யெட்?” அமெரிக்கத் தொடர்களில் இதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அங்கே அது வழக்கு. நம் பாடநூல்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கையே பின்பற்றுவதால் தேர்வுத்தாளில் ‘ஹேவ்’ போடுவது பாதுகாப்பு.

அடுத்தது எல்லாவற்றிலும் பரவலான பிழை. “பத்து வருஷமா இங்கே வேலை செய்கிறேன்.” தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே கொண்டுபோய் “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்” என்கிறோம். முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் எதற்கும் ஆங்கிலம் பெர்ஃபெக்ட் வடிவத்தையே கேட்கும்: “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.” தமிழில் ‘ஆக’ அல்லது ‘இருந்து’ என்ற ஒட்டும் நிகழ்கால வினையும் சேர்ந்து வரும் வாக்கியத்தைப் பார்த்தாலே ‘ஹேவ் பீன்’ என்று மனம் தயாராக வேண்டும்.

‘ஃபார்’, ‘சின்ஸ்’ வித்தியாசம் பலருக்குத் தெரியும், பேசும்போது கைவிட்டுவிடும். எவ்வளவு காலம் என்ற அளவுக்கு ‘ஃபார்’. எப்போதிலிருந்து என்ற தொடக்கப் புள்ளிக்கு ‘சின்ஸ்’. ‘ஃபார் டென் இயர்ஸ்’, ‘சின்ஸ் 2015’. ‘இருந்து’ என்பதற்கு ‘ஃப்ரம்’ என்று பழகிவிட்டதால் “ஐ ஆம் வெயிட்டிங் ஃப்ரம் மார்னிங்” என்று வந்துவிடுகிறது. “ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்” என்பது இந்திய ஆங்கிலத்தில் செல்லும். வெளிநாட்டவரோடு பேசும்போது ‘சின்ஸ் திஸ் மார்னிங்’ என்று சொல்லுங்கள்.

வேலையை விட்டுவிட்டீர்களா, இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா என்பதையும் இந்த வினை வடிவம்தான் சொல்கிறது. “ஐ வொர்க்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்” என்றால் வெளியே வந்தாகிவிட்டது. இப்போதும் அங்கே இருப்பவர் தேர்வுக் குழுவிடம் இப்படிச் சொன்னால், அடுத்த கேள்வி “ஏன் விட்டீர்கள்?” என்று வரும். அதற்கு நீங்கள் பொறுப்பு, கேட்டவர் இல்லை.

எல்லா வினைகளுக்கும் ‘பீன்’ போட்டு ‘இங்’ சேர்க்க முடியாது. நிலையைக் குறிக்கும் வினைகள் அதை ஏற்காது. “ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்” தவறு. “ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்” சரி. கார் வைத்திருக்கிறோம் என்றால் “வி ஹேவ் ஹேட் திஸ் கார் சின்ஸ் 2018.” ஒரு நொடியில் நிகழ்ந்து முடிகிற செயலையும் நீட்ட முடியாது. “ஹி ஹேஸ் டைட் ஃபார் டூ இயர்ஸ்” என்று ஒன்று கிடையாது. “ஹி டைட் டூ இயர்ஸ் அகோ” என்பதே வேண்டும். கல்யாணமாகிப் பத்து வருஷம் என்றால் “வி ஹேவ் பீன் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்.” இதில் ‘பீன்’ விட்டுப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

‘இங்’ உள்ள வடிவம், இல்லாத வடிவம் இரண்டும் பொருந்தும் இடங்களில் பொருள் மாறும். “ஐ ஹேவ் ரெட் த ரிப்போர்ட்” என்றால் படித்து முடித்தாயிற்று. “ஐ ஹேவ் பீன் ரீடிங் த ரிப்போர்ட்” என்றால் அதில்தான் நேரம் போனது, முடிந்திருக்கலாம், முடியாமலும் இருக்கலாம். முதலாவது வாக்கியத்தில் ‘ரெட்’ என்று உச்சரிக்க வேண்டும், எழுத்து மாறாவிட்டாலும்.

“அவர் மதுரைக்குப் போயிருக்கிறார்” என்பதற்கும் தமிழில் இரண்டு பொருள். இப்போது மதுரையில் இருக்கிறார், அல்லது எப்போதோ ஒரு முறை போய் வந்திருக்கிறார். ஆங்கிலம் இதைப் பிரித்துவிடும். “ஹி ஹேஸ் கான் டு மதுரை” என்றால் ஆள் இங்கே இல்லை. “ஹி ஹேஸ் பீன் டு மதுரை” என்றால் போய்த் திரும்பிவிட்டார். எதிரில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் “ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர் ட்வைஸ்” என்றால் கேட்பவர் நெற்றி சுருங்கும். ‘பீன்’ என்று மாற்றுங்கள்.

முதல் முறை என்று சொல்லும்போதும் கவனம் வேண்டும். “இங்கே முதல் முறை வருகிறேன்” என்ற தமிழ் “திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஆம் கமிங் ஹியர்” என்று வெளிவருகிறது. அந்த இடத்தில் ஆங்கிலம் கேட்பது “திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் கம் ஹியர்.” வந்த முறைகளை இன்றுவரை எண்ணுகிறோம், அதனால் ‘ஹேவ்’. ‘செகண்ட் டைம்’, ‘தேர்ட் டைம்’ எல்லாவற்றுக்கும் இதுதான்.

இதையெல்லாம் பேச்சில் எப்படிக் கோப்பது? ஆங்கிலம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெர்ஃபெக்டில் பேச்சைத் திறந்து, விவரத்துக்கு இறந்தகாலத்தில் இறங்கிவிடுவார்கள். “ஹேவ் யூ எவர் பீன் டு ஊட்டி?” “யெஸ், ஐ ஹேவ். ஐ வென்ட் தேர் லாஸ்ட் மே. வி ஸ்டேட் ஃபார் த்ரீ டேஸ். இட் ரெய்ன்ட் எவ்ரி டே.” கேள்வி ‘ஹேவ்’ என்று வந்ததற்காக நான்கு வாக்கியத்துக்கும் ‘ஹேவ்’ போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. செய்தித்தாளின் போக்கும் இதுதான். முதல் வரி “த கவர்ன்மென்ட் ஹேஸ் அனௌன்ஸ்ட்...” என்று தொடங்கும். எங்கே, எப்போது, யார் சொன்னது என்ற விவரம் அடுத்த பத்தியில் ‘செட்’, ‘டோல்ட்’, ‘வாஸ்’ என்று இறந்தகாலத்தில் ஓடும். ஏ.ஆர். ரகுமானைப் பற்றிச் சொல்வதென்றால் “ரகுமான் ஹேஸ் வன் டூ ஆஸ்கர்ஸ். ஹி வன் போத் இன் 2009.” முதல் வாக்கியம் அவர் இன்று யார் என்று சொல்கிறது, இரண்டாவது அது நடந்த நாளுக்குப் போகிறது. இந்த இரண்டு வாக்கிய அமைப்பை உங்கள் படிப்பு, வேலை, பயணம் மூன்றுக்கும் எழுதி வைத்துச் சொல்லிப் பழகினால் நேர்முகத் தேர்வுக்குத் தேவையானதில் பெரும்பகுதி தயார்.

கேட்கும்போது வரும் சிக்கல் தனி. பேச்சில் ‘ஐ ஹேவ்’ சுருங்கி ‘ஐவ்’ ஆகிறது. அந்த ‘வ்’ பல சமயம் காதில் விழுவதே இல்லை. ‘ஹி ஹேஸ்’, ‘ஹி இஸ்’ இரண்டும் ‘ஹீஸ்’ என்றே ஒலிக்கும். பின்னால் வரும் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். “ஹீஸ் கோயிங்” என்றால் ‘இஸ்’. “ஹீஸ் பீன் சிக்” என்றால் ‘ஹேஸ்’, ஏனென்றால் ‘இஸ் பீன்’ என்று ஒன்று கிடையாது. எழுதும்போது இந்தச் சுருக்கங்களைத் தவிர்த்தாலும் பேசும்போது பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ‘ஐ ஹேவ்’ என்று அழுத்திச் சொன்னால் யாரோ மறுத்ததற்குப் பதில் சொல்வது போல ஒலிக்கும்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். இன்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறந்து ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வரும் வாக்கியங்களை மட்டும் எடுங்கள். அதே வாக்கியத்தில் தேதியோ, கிழமையோ, ‘யெஸ்டர்டே’யோ, ‘அகோ’வோ இருந்தால் (‘சின்ஸ்’ உடன் வருபவையும் ‘மஸ்ட்’, ‘ஷுட்’ போன்றவற்றின் பின் ‘ஹேவ்’ வருபவையும் நீங்கலாக) ‘ஹேவ்’ஐ நீக்கி இரண்டாம் வடிவம் போடுங்கள். பிறகு ‘ஆம்’ அல்லது ‘இஸ்’ உடன் ‘சின்ஸ்’ வரும் வாக்கியங்களைத் தேடி ‘ஹேவ் பீன்’ அல்லது ‘ஹேஸ் பீன்’ என்று மாற்றுங்கள். கடைசியாக ‘டிட் நாட்’ வரும் இடங்களில் ‘இன்னும்’ போட்டுப் பாருங்கள்.